முப்பது பிபிஎம், மூன்று சதவீதம்: கண்ட ஒன்றியங்கள் வல்லுநர் ஆட்சியில் போய் முடியுமா?

கேள்வி இதுதான்: ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்க ஒன்றியம் என்று கண்டம் கண்டமாக நாடுகள் அரசியல் ரீதியில் ஒன்று சேர்கின்றன. தேர்தலில் வென்றவர்கள் கையிலிருந்த அதிகாரம் நிபுணர்கள் கைக்குப் போகும் சமுதாயத்துக்கு, அதாவது டெக்னாக்ரசிக்கு, இது ஒரு படியா?

இல்லை என்பது என் பதில். ஆனால் அந்தச் சந்தேகம் வருவதில் தப்பே கிடையாது. எனக்கும் ரொம்ப காலம் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்தது புத்தகம் எதுவும் இல்லை, திருப்பூரில் கையில் வந்த ஒரு லேப் ரிப்போர்ட்.

பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசிங், ஆவணம், தரச் சான்று என்று பதினாறு வருடம் வேலை பார்த்தேன். ஒருமுறை ஜெர்மனி ஆர்டருக்கான மெரூன் கலர் துணி, கட்டிங்குக்குப் போகும் முன் அசோ டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. சில அசோ சாயங்கள் சிதைந்தால் பென்சிடின் மாதிரியான அரோமேட்டிக் அமீன்கள் வெளிவரும். பென்சிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ஐரோப்பாவில் விற்கும் துணியில் இந்த அமீன்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமை, அதாவது 30 பிபிஎம்மை, தாண்டக்கூடாது. எங்கள் ரிப்போர்ட்டில் 34. முதலாளி தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனப்பா, இந்த முப்பத யாரு வெச்சது? முப்பத்தஞ்சுன்னு வெச்சிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?"

"ஐரோப்பாவுல சட்டமுங்க" என்றேன். வேறென்ன சொல்ல. அந்த லாட்டை ஒதுக்கிவிட்டு வேறு சாயத்தில் புதிதாகப் போட்டு அனுப்பினோம். தேதி தப்பியதால் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போனது, செலவு எங்கள் தலையில்.

ஆனால் அவர் கேட்டது மனதில் தங்கிவிட்டது. தேடிப் பார்த்தேன். இந்தச் சாயங்களுக்கு முதலில் தடை போட்டது ஜெர்மனி, 1990-களின் நடுவில். இந்தியாவும் 1997-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான சட்டம் 2002-இல் வந்தது. அதில் "கண்டறியக்கூடிய அளவு, அதாவது 30 பிபிஎம்முக்கு மேல்" என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது. முப்பதுக்குக் கீழே என்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மேலே போனால் ஆபத்து என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. சோதனையில் கண்டுபிடித்து நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய அளவு அது, அவ்வளவுதான். எண்ணைக் கொடுத்தவர்கள் வேதியியல்காரர்கள். அந்த எண்ணைக் கண்டம் முழுக்கச் சட்டமாக்கியதில் வேறு கணக்கும் இருந்தது: ஜெர்மனி தனியாகத் தடை போட்ட பிறகு, ஒரே சந்தைக்குள் நாட்டுக்கு ஒரு விதி இருந்தால் சரக்கு நகராது. எண் ஓரிடத்திலிருந்து வருகிறது, அதைச் சட்டமாக்கும் கை வேறிடத்திலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முழுக்க நிபுணர் ராஜ்யமாகத்தான் தெரியும்.

டெக்னாக்ரசி என்ற வார்த்தையை இப்போது பெரும்பாலும் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். அதற்கென்று ஒரு நிஜ இயக்கமே இருந்தது. வார்த்தையை 1919-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற பொறியாளர். அது பரபரப்பானது 1932, 1933-இல், அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க்கில் ஹோவர்ட் ஸ்காட் என்பவரைச் சுற்றி. கூடவே இருந்தவர் எம். கிங் ஹப்பர்ட். எண்ணெய் உற்பத்தி ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்று 1956-இல் சொல்லிப் பேர் வாங்கிய அதே ஹப்பர்ட்தான்.

இவர்களுக்கு அரசியல்வாதி மேல் இருந்த கோபத்தைவிட விலை மேல் இருந்த கோபம் பெரியது. தொழிற்சாலை இருக்கிறது, நிலக்கரி இருக்கிறது, வேலை செய்ய ஆள் இருக்கிறது, ஆனாலும் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள். காரணம் பணமும் விலையும்தான் என்றார்கள். பணத்தை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் செலவாகும் ஆற்றலால் அளக்க வேண்டும். ஆளாளுக்குச் சமமாக ஆற்றல் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதைச் சேர்த்து வைக்கவோ அடுத்தவருக்குக் கைமாற்றவோ முடியாது. வாரத்துக்கு 16 மணி நேர வேலை போதும் என்று கணக்குப் போட்டார்கள். கட்சி கிடையாது, பொதுத் தேர்தல் கிடையாது; ஒவ்வொரு தொழிலும் ஒரு துறை, அந்தத் துறைக்குள்ளிருந்தே அதன் தலைவர் வருவார்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அவர்கள் போட்ட வரைபடம். பனாமாவிலிருந்து வட துருவம் வரை ஒரே நிர்வாகம். கனடா, மெக்சிகோ, கிரீன்லாந்து எல்லாம் உள்ளே. ஆறும் மின்கம்பியும் ரயில் பாதையும் எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை, அதனால் கண்டம்தான் சரியான அளவு என்பது வாதம். கண்ட ஒன்றியம் என்றதும் டெக்னாக்ரசி நினைவுக்கு வருவதற்கு மூலமே இங்கேதான் இருக்கிறது. சாம்பல் நிற கோட்டு போட்டு, கார்களுக்கும் சாம்பல் நிறம் அடித்து ஊர்வலம் போனார்கள். கனடா அரசு 1940-இல் போர்க்காலச் சட்டத்தின் கீழ் இயக்கத்தைத் தடை செய்து, 1943-இல் தடையை விலக்கியது. எலான் மஸ்க்கின் தாய்வழித் தாத்தா ஜோஷுவா ஹால்டமன் அங்கே இதன் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர் என்பது ஒரு கொசுறுத் தகவல்.

இந்த அளவுகோலை ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் வைத்தால் சிரிப்புத்தான் வரும். 1957 ரோம் ஒப்பந்தத்தின் உயிர்நாடியே சந்தை: சுங்கவரியை எடு, போட்டியைக் காப்பாற்று, விலை தன் வேலையைப் பார்க்கட்டும். ஸ்காட் எதை ஒழிக்கக் கிளம்பினாரோ அதைக் கண்டம் முழுக்கப் பரப்பிய அமைப்பு அது. உள்ளே போய்ப் பார்த்தால் பொறியாளர்களைவிட வக்கீல்களும், பொருளாதாரம் படித்தவர்களும், 24 மொழிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர்களும்தான் கண்ணில் படுவார்கள்.

சரி, அவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டாம். "ஓட்டு வாங்காத நிபுணர்கள் முடிவெடுப்பது" என்று தளர்வாகவே வைத்துக்கொள்வோம். அப்போது கதை சுவாரசியமாகிறது, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியம் கிட்டத்தட்ட அந்த எண்ணத்தில்தான் பிறந்தது. ஷான் மொனே எந்தத் தேர்தலிலும் நின்று ஜெயித்தவர் இல்லை. கோன்யாக் பிராந்தி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, பிறகு பிரான்ஸின் திட்டக் குழுத் தலைவர். 1950 வசந்தத்தில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு அறிக்கையை எழுதினார். மே 9 அன்று வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான் அதைப் படித்தார். பிரான்ஸ், ஜெர்மனியின் நிலக்கரியும் எஃகும் இனி ஒரு பொது உயர் ஆணையத்தின் கீழ் வரும். மற்ற நாடுகளும் சேரலாம். ஒன்பது உறுப்பினர்கள், தலைமையிடம் லக்சம்பர்க், 1952-இல் வேலை ஆரம்பம். எந்த நாட்டு அரசாங்கத்தின் உத்தரவையும் அவர்கள் கேட்கத் தேவையில்லை.

பேச்சுவார்த்தையின்போதே பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் உஷாராகிவிட்டன. இந்த ஒன்பது பேருக்கு மேல் ஒரு கடிவாளம் வேண்டும் என்று அமைச்சர் மன்றம் ஒன்றைச் சேர்க்க வைத்தன. அதன் பலன் சில வருடங்களில் தெரிந்தது. 1958-இல் அமெரிக்க நிலக்கரியும் எண்ணெயும் மலிவாக வந்து இறங்க, சுரங்கங்களின் வாசலில் கரி மலைபோல் குவிந்தது. பெல்ஜியத்தில் சுரங்கங்கள் மூடும் நிலை. உற்பத்திக்கு ஒதுக்கீடு, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு என்று ஒரு திட்டத்தோடு உயர் ஆணையம் 1959 மே மாதம் அமைச்சர்களிடம் போய், நெருக்கடி நிலை அறிவிக்க அனுமதி கேட்டது. பெரிய நாடுகள் மறுத்துவிட்டன. கையில் ஒப்பந்த வாசகம் இருந்தது, புள்ளிவிவரம் இருந்தது, அதிகாரம் மட்டும் இல்லை. 1967-இல் அந்த உயர் ஆணையம், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குள் கரைந்துபோனது.

அடுத்து பிரான்ஸ் அதிபர் டி கோல். 1965 ஜூலையிலிருந்து ஏழு மாதம் பிரான்ஸ் தன் அமைச்சர்களைக் கூட்டங்களுக்கு அனுப்பவே இல்லை. காலி நாற்காலி நெருக்கடி என்று பெயர். பிரஸ்ஸல்ஸ் ஆணையத்தை நாடற்ற, யாருக்கும் பதில் சொல்லாத வல்லுநர் கூட்டம் என்று அந்த செப்டம்பரில் பத்திரிகையாளர்களிடம் வர்ணித்தார். இன்றைக்கு ஐரோப்பிய வலதுசாரிகள் பேசுவதெல்லாம் அவர் அறுபது வருடத்துக்கு முன் பேசியதன் எதிரொலி. முடிவில், ஒரு நாடு "இது என் முக்கியமான நலன்" என்று சொன்னால் ஒருமித்த கருத்து வரும்வரை பேசிக்கொண்டே இருப்பது என்ற ஏற்பாட்டோடு 1966 ஜனவரியில் திரும்பி வந்தார்கள். வல்லுநர் கூட்டம் என்று திட்டியவரிடம் அந்தக் கூட்டம் தோற்றது.

அப்படியானால் ஒன்றியத்தின் அதிகாரம் எப்படி வளர்ந்தது? எனக்குப் பிடித்த கதை ஒரு கரண்ட் பில்லில் இருக்கிறது. 1962-இல் இத்தாலி மின்சாரக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி எனெல் என்ற நிறுவனத்தை உண்டாக்கியது. மிலான் நகர வக்கீல் ஃப்ளாமினியோ கோஸ்டா, பழைய கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்தவர், எனெல் அனுப்பிய 1,925 லீரா பில்லைக் கட்ட மறுத்தார். அற்பத் தொகை. நாட்டுடைமைச் சட்டம் ரோம் ஒப்பந்தத்துக்கு விரோதமானது என்று வழக்காடினார். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. நாட்டுச் சட்டமும் ஐரோப்பியச் சமூகத்தின் (ஒன்றியத்தின் அன்றைய பெயர்) சட்டமும் முட்டிக்கொண்டால் ஐரோப்பியச் சட்டமே மேலே நிற்கும் என்று 1964 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ரோம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆறு நாடுகளின் அரசியல்வாதிகள் எழுதாத ஒன்றை நீதிபதிகள் எழுதினார்கள். இதை நீதிமன்ற ஆட்சி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். டெக்னாக்ரசி என்பது வேறு சரக்கு.

இனி மூன்று சதவீதம். ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் வருடாந்திரப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தோடு வந்த விதி. கேட்டால் பெரிய பெரிய சூத்திரத்திலிருந்து இறங்கிய எண் மாதிரி இருக்கும். நடந்தது வேறு. 1981-இல் பிரான்ஸில் மித்தரான் புதிதாக அதிபரானார். அமைச்சர்கள் ஒவ்வொருவரும் செலவுப் பட்டியலோடு வந்து நின்றார்கள். அவர்களை மறுத்து அனுப்ப ஏதாவது ஒரு விதி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து பட்ஜெட் இலாகாவுக்குச் சொல்லப்பட்டது. அங்கே வேலை பார்த்த கீ அபேய் என்ற இளம் அதிகாரி சக ஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து எடுத்த எண்தான் மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை, பின்னால் பொருளாதாரக் கோட்பாடு எதுவும் இல்லை என்று அவரே பல வருடம் கழித்துப் பத்திரிகைகளிடம் சொன்னார். அமைச்சர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்ப வைத்த கணக்கு, பத்து வருடத்தில் ஒரு கண்டத்துக்கு வேதவாக்கானது.

அந்த எண் யார் யாரை எப்படி நடத்தியது என்று பார்த்தால் விஷயம் புரியும். 2003-இல் பிரான்ஸும் ஜெர்மனியும் மூன்றைத் தாண்டின. நடவடிக்கையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக ஆணையம் பரிந்துரைத்தது. நவம்பர் 25 அன்று நிதியமைச்சர்கள் கூடி அதை நிறுத்தி வைத்தார்கள். முடிந்தது. ஏழு வருடம் கழித்து கிரீஸ் மாட்டியது. அதற்கு ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் மூன்றும் சேர்ந்த ட்ரோய்க்கா வந்து இறங்கியது. பென்ஷன், சம்பளம், துறைமுகம் விற்பனை வரை வரிக்கு வரி எழுதிக் கொடுத்தார்கள். கிரீஸின் பொருளாதாரம் கால்வாசி சுருங்கியது. வேலையின்மை 2013-இல் 27 சதவீதத்தைத் தாண்டியது. சிக்கன நடவடிக்கை வளர்ச்சியை எவ்வளவு அடிக்கும் என்று போட்ட கணிப்புகள் குறைவாக இருந்தன என்று நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளான்ஷாரே 2013 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒத்துக்கொண்டார்.

2015 ஜூலையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கிரீஸில் வங்கிகள் மூடிக் கிடக்கின்றன. ஏடிஎம் வரிசையில் நின்றால் நாளைக்கு 60 யூரோ. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன்காரர்களின் நிபந்தனைகளை வேண்டாம் என்கிறார்கள். ஒரே வாரத்தில் பிரஸ்ஸல்ஸில் பதினேழு மணி நேரம் விடிய விடியப் பேச்சு, ஜூலை 13 காலையில் உடன்பாடு. யூரோ நாடுகளின் தலைவர்கள் அன்று வெளியிட்ட அறிக்கையில் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது, மருந்துக் கடையை யார் வைத்திருக்கலாம் என்பது, பால், பேக்கரி எல்லாம் சீர்திருத்தப் பட்டியலில் இருக்கிறது. பால் என்றால், புதிய பால் என்று எத்தனை நாள் வரை சொல்லி விற்கலாம் என்பது மாதிரியான விதி. அந்தப் பட்டியலைத் தயாரித்தது பொருளாதார நிபுணர்கள். ஆனால் விடியற்காலையில் அதை கிரீஸ் பிரதமர் சிப்ராஸின் முன் வைத்தது ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கெலும் பிரான்ஸின் பிரான்ஸுவா ஒல்லாந்தும் மற்றவர்களும், எல்லாரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். பால் விதி கிரீஸ்காரருக்கு நிபுணர் சொன்னதாகத் தெரிந்தது. பெர்லினில் இருந்தவருக்குத் தன் வாக்காளரிடம் காட்டவேண்டிய கணக்காகத் தெரிந்தது.

எண் முன்வாசலில் நிற்கும், பேரம் பின்கட்டில் நடக்கும். பின்கட்டுக்குப் போக வழி உள்ளவர்களுக்கு ஒன்றியம் அரசியல், வழி இல்லாதவர்களுக்கு அதுவே வல்லுநர் ஆட்சி. இதைத்தான் இத்தனை நேரமாகச் சொல்ல வருகிறேன். இலங்கையில் துணி தைப்பவர்களுக்கும் இது தெரியும். 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுக்குக் கொடுத்திருந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை நின்றபோது, 27 பன்னாட்டு உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தாயா என்ற பரிசோதனைப் பட்டியலாகத்தான் அது வந்தது. மனித உரிமை பற்றிய குறைகள் நிஜம். ஆனால் நிறுத்தியது நாடுகளின் அமைச்சர்கள் எடுத்த முடிவு. கொழும்பில் ஆட்சி மாறி, சலுகை 2017 மே மாதம் திரும்பி வந்தது.

"2011-இல் நிபுணர்களையே பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார்களே" என்று கேட்கலாம். உண்மை. அக்டோபர் கடைசி நாள் கிரீஸ் பிரதமர் பப்பாண்ட்ரேயு வாக்கெடுப்பு என்றார். மெர்க்கெலும் அப்போதைய பிரான்ஸ் அதிபர் சார்கோசியும் அவரைக் கான் நகருக்கு வரவழைத்துப் பேசினார்கள். வாக்கெடுப்பு போனது, பிரதமரும் போனார். நவம்பர் 11 அன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர் பப்பாடெமோஸ் பதவியேற்றார். ஐந்து நாள் கழித்து இத்தாலியில் முன்னாள் ஐரோப்பிய ஆணையர் மரியோ மோன்டி, கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லாத அமைச்சரவையோடு. ஆனால் இரண்டு பேரையும் தாங்கிப் பிடித்தவை அந்தந்த நாடாளுமன்றத்துக் கட்சிகள்தான். கசப்பு மருந்தைத் தாங்கள் ஊட்டாமல் வேறொருவர் கையால் ஊட்ட வைத்தார்கள். 2013-இல் மோன்டி தேர்தலில் நின்றார். அவர் கூட்டணிக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம். 2021-இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ டிராகி கிட்டத்தட்ட எல்லாக் கட்சிகளின் ஆதரவோடும் இத்தாலியப் பிரதமரானார். அடுத்த வருடம் ஜூலையில் கட்சிகள் கையை எடுத்ததும் கவிழ்ந்தார். வாடகைக்கு வைத்த ஆளை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் சந்தேகம் சரி என்று ஒத்துக்கொள்கிறேன்: ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி. 2011-இல் நெருக்கடியின் நடுவே ஏப்ரலிலும் ஜூலையிலும் இரண்டு முறை வட்டியை ஏற்றினார்கள். பெரும் தவறு என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். யாரும் தேர்தலில் விலை கொடுக்கவில்லை. மறு வருடம் ஜூலை 26 அன்று லண்டனில் டிராகி, யூரோவைக் காப்பாற்ற என்ன தேவையோ அதைச் செய்வோம் என்றார். அந்த ஒரு பேச்சில் ஸ்பெயின், இத்தாலியின் கடன்பத்திர வட்டி இறங்க ஆரம்பித்தது. அறிவித்த கடன்பத்திரத் திட்டத்தைக் கடைசிவரை பயன்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. நல்லதோ கெட்டதோ, இது வல்லுநர் அதிகாரம்தான்.

மத்திய வங்கி எல்லா நாட்டிலும் இருக்கிறதே என்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. நம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தை 2016-இல் நாடாளுமன்றம் திருத்திப் பணவீக்க இலக்கு முறையைக் கொண்டுவந்தது. வேண்டாம் என்றால் இன்னொரு நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். ஃபிராங்ஃபர்ட்டின் அடிப்படைப் பணியை மாற்ற அத்தனை உறுப்பு நாடுகளும் ஒப்பந்தத்தைத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். ஒன்றியமாக இருப்பதால் அந்த அலுவலகத்தைத் தொடுவது அவ்வளவு கஷ்டம்.

ஆனால் இதற்குக் காரணம் கண்டத்தின் அளவு இல்லை. இந்தியாவைப் பாருங்கள். மக்கள் தொகையில் ஐரோப்பிய ஒன்றியத்தைப் போல மூன்று பங்கு. மொழி, மதம், சாப்பாடு எதிலும் அதற்குக் குறைந்தது இல்லை. அதிகாரிகள் ராஜ்யம் என்று நாம் திட்டுவதுண்டு, ஆனால் வல்லுநர் ஆட்சி என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் டெல்லியில் ஆட்சியைக் கவிழ்க்க ஓட்டுப் பெட்டி போதும். ஐரோப்பாவில் அந்த வழி பாதியில் நிற்கிறது. நாடாளுமன்றத்துக்கு 1979 முதல் நேரடித் தேர்தல் நடக்கிறது. அன்று 62 சதவீதம் ஓட்டு, 2014-இல் 43-க்கும் கீழே, 2024-இல் கிட்டத்தட்ட 51. ஒரே தேர்தல் என்று பெயர், நடப்பது 27 தேசியத் தேர்தல்கள். பெரிய கட்சியின் வேட்பாளர்தான் ஆணையத் தலைவர் என்று 2014-இல் ஒரு பழக்கத்தை ஆரம்பித்து யுங்கரை உட்கார வைத்தார்கள். 2019-இல் மன்ஃபிரெட் வேபர் அதே முறையில் வந்தார். நாட்டுத் தலைவர்கள் அவரைத் தள்ளி வைத்துவிட்டு, வேட்பாளர் பட்டியலிலேயே இல்லாத உர்சுலா ஃபான் டெர் லாயனைக் கொண்டுவந்தார்கள். ஓட்டுப் போட்டவரின் வாயை அடைத்தது யார்? நிபுணர் இல்லை, மெர்க்கெலும் மக்ரோனும்.

மற்றக் கண்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஆப்பிரிக்க ஒன்றியம் 2002-இல் டர்பனில் தொடங்கியது, 55 நாடுகள். அதன் கண்ட நாடாளுமன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. திட்டங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அடிஸ் அபாபாவில் 2012-இல் திறந்த தலைமையகக் கட்டடமே சீனா கட்டிக் கொடுத்தது. வல்லுநர்கள் ஆளும் அளவுக்கு அங்கே ஆள எதுவும் இன்னும் சேரவில்லை. தென் அமெரிக்க நாடுகளின் ஒன்றியமான உனாசூர் 2008-இல் ஒப்பந்தம் போட்டு, ஈக்வடாரில் நிலநடுக்கோட்டருகே அழகான தலைமையகம் கட்டி, 2018-இல் ஆறு நாடுகள் விலகி நின்றதும் முடங்கியது. இடதுசாரி அதிபர்கள் போய் வலதுசாரி அதிபர்கள் வந்தார்கள், அவ்வளவுதான் காரணம். இரண்டுமே அதிபர்களின் மன்றங்கள்.

என் பழைய தொழிலுக்குத் திரும்பி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். காடழிப்பு இல்லாமல் விளைந்த பொருளைத்தான் உள்ளே விடுவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம். ஒவ்வொரு மூட்டைக்கும் அது விளைந்த தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். செயற்கைக்கோள் படம், புள்ளி விவரம் என்று நிபுணர் வேலை முழுக்க முழுக்க. 2024 டிசம்பர் 30 முதல் அமல் என்று தேதியும் குறித்தார்கள். பிரேசில் எதிர்த்தது, இந்தோனேசியா எதிர்த்தது, அமெரிக்கா எதிர்த்தது, உள்ளேயிருந்தே ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் முனகின. தேதிக்குச் சில நாள் முன்பு ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள்.

எங்கள் முதலாளி அன்று கேட்டது "யாரு வெச்சது" என்று. அந்த முப்பது அங்கேயே இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். சாயப்பட்டறையில் முழங்கை வரை சாயத்தில் நனைந்து நிற்பவனைக் காப்பாற்றியதில் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதை நகர்த்த வேண்டும் என்று நினைக்கும் ஆள் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் என்னால் சரியாகப் பதில் சொல்லியிருக்க முடியும்: பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஜவுளித் தொழில் சங்கத்துக்கு ஆபீஸ் இருக்கிறது, எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாம் அங்கே போய்ப் பேசுகிறார்கள், நமக்குத்தான் அங்கே ஆள் இல்லை.